பிள்ளை பார்ப்பதும் படித்துச் செய்கிற தொழிலே



உங்கள் வீட்டில் 14, 15 வயதில் ஒரு மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவளுக்குக் கைக்குழந்தை என்றால் உயிர். தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இவள் கைக்குப் போனதும் அதுவும் சமாதானம் ஆகிவிடும். "இவ பிள்ளை வளக்கிறதுக்குன்னே பொறந்தவ" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லுகிறார்கள்.

இந்த நேரம் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர் வருகிறார். "மெட்ராசுல ஒரு நல்ல குடும்பம். புருஷன் பெஞ்சாதி ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க. ஒரே குழந்தை. அதைப் பாத்துக்கிட்டா போதும். சாப்பாடு, துணிமணி, மாசம் எட்டாயிரம். முன்பணமும் தர்றாங்க" என்கிறார். கடன் கழுத்தை நெரிக்கும் வேளையில் அந்த முன்பணம் பெரிதாகத்தான் தெரியும். "பிடிச்ச வேலைதானே, கெட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?" என்று தகப்பனார் யோசிப்பார். "இங்க வயல்ல வெயில்ல காயறதுக்கு அங்க நிழல்லயாவது இருப்பா" என்று தாயார் சொல்லுவார்.

இந்தப் பிரசுரம் அப்படிப்பட்ட வீட்டுக்காக எழுதப்பட்டது. மகளின் ஆசை நல்ல ஆசை. குழந்தை பராமரிப்பு என்பது இன்று ஒரு தொழில். அதற்குப் படிப்பு, பயிற்சி, உத்தியோகம் எல்லாம் உண்டு. ஆனால் மேலே சொன்ன வேலை அந்தத் தொழிலின் முதல் படி அல்ல. அந்தத் தொழிலுக்குப் போகவிடாமல் அடைக்கிற கதவு அது. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு குழந்தையிடம் இன்னொரு குழந்தை

சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாதவள் குழந்தைதான். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அப்படித்தான் சொல்லுகிறது. 14 வயது முடியாத பிள்ளையை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, 14 முடியாதவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்றும், 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது என்றும் ஆக்கினார்கள். சொந்தக் குடும்பத்துக்குப் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. இந்த வயதினரை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களில் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அவர்களிடம் வேலை வாங்கக் கூடாது; தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைக்கவும் கூடாது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். வீட்டோடு தங்கிக் கைக்குழந்தை பார்க்கிறவளுக்கு ராத்திரி 7 மணிக்கு வேலை முடியுமா? குழந்தை ஒரு மணிக்கு அழும், மூன்று மணிக்கு அழும். எழுந்திருப்பது யார்? பிறகு "சும்மாதானே இருக்கே, பாத்திரத்தைக் கழுவு, வீட்டைக் கூட்டு" என்று வேலை ஒன்றொன்றாக ஏறும். இரண்டு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது அவள் கையில் சர்டிபிகேட் இருக்காது, பள்ளிக்கூடத்துத் தொடர்பும் அறுந்திருக்கும். முன்பணம் வாங்கிவிட்டால், "கடன் தீரும்வரை அனுப்ப முடியாது" என்று நிறுத்தி வைப்பார்கள். கடனுக்காக ஆளைப் பிடித்து வைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் 400 மைல் தள்ளி இருக்கும் பூட்டிய வீட்டுக்குள் சட்டம் தானாக நுழையாது. அவமானம், அடி, அதைவிட மோசமானவையும் நடப்பதுண்டு. அப்படி நடந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. மகளுக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்து வையுங்கள், எங்கேயும் அனுப்பாவிட்டாலும் சரி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் கைக்குழந்தைக்கும் இது நல்லதல்ல. காய்ச்சலில் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தால் என்ன செய்வது, தொண்டையில் ஏதாவது அடைத்தால் என்ன செய்வது என்று தெரியாத ஒரு பதினைந்து வயதுப் பெண்ணிடம் பத்து மணி நேரம் ஒரு உயிரை விட்டுப் போவது எப்படிச் சரியாகும்? குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி யார் தலையில் விழும்? உங்கள் மகள் தலையில்தான். என்னைக் கேட்டால், 18 முடியும்வரை அந்நியர் வீட்டில் தங்கி வேலை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, சம்பளம் எவ்வளவு சொன்னாலும்.

"இதுக்குப் படிப்பு வேறயா?"

கிராமத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "எங்க ஆத்தா ஒன்பது பெத்தா. எந்தக் காலேசுல படிச்சா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒன்பது பெற்றதில் எத்தனை தங்கியது என்று திருப்பிக் கேட்டால், பெரியவர்கள் கொஞ்சம் பேசாமல் இருப்பார்கள்.

குழந்தை பராமரிப்பை ஒரு கல்வியாகவே ஆக்கியவர்கள் நம் நாட்டில் வெகுகாலமாக உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். மராட்டியத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார், பழங்குடிக் குழந்தைகள் பாலர் பள்ளிக்கு வராததைப் பார்த்து, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். முற்றத்துக்கு அங்கே 'அங்கன்' என்று பெயர். நாம் இன்று சொல்லுகிற 'அங்கன்வாடி' என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். 1969-இல் மீரா மகாதேவன் என்பவர் டெல்லியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில், மண்ணிலே கிடந்த சித்தாள்களின் குழந்தைகளுக்காக ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. நம் மாநிலத்தில் 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் வந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் முதல் தடவையாக மாதச் சம்பளம் வாங்கினார்கள். அதிலே விதவைகளும் கைவிடப்பட்டவர்களும் நிறையப் பேர்.

ஆகவே, படிப்பு இருக்கிறது. அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மகள் இந்தத் தொழிலுக்குப் போகாவிட்டாலும் இது உங்கள் வீட்டுக்குப் பயன்படும்.

முதலில் எடை. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடையைப் போல இரண்டு பங்கு, ஒரு வயதில் மூன்று பங்கு ஆக வேண்டும். "எங்க பிள்ளை கொழுகொழுன்னுதான் இருக்கு" என்பது கணக்கு இல்லை. மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்து, அந்தக் கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் கோடு படுத்தாலே தேர்ந்த பணியாளர் தாயிடம் கேட்க ஆரம்பித்துவிடுவார்: பேதியா, பால் குறைந்ததா, அடுத்த கர்ப்பமா? குழந்தை மெலிந்து எலும்பு தெரிகிறவரை காத்திருக்க மாட்டார். எடை பார்க்கும் கருவி எல்லோருக்கும் பார்க்கத் தெரியும். கோட்டைப் படிக்கத் தெரிவதுதான் தொழில்.

அடுத்து உணவு. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் குழைத்த சாதம், பருப்பு, ஒரு சொட்டு எண்ணெய் அல்லது நெய் தொடங்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடுகிற கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம், சத்து இல்லை. வாழைப்பழம், முட்டை, கீரை, அங்கன்வாடியில் தருகிற சத்துமாவு எல்லாம் படிப்படியாகச் சேர்க்கலாம். எட்டு மாதம்வரை நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு தடவை. தாய்ப்பாலை இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் தொடரலாம். குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வேண்டும். பெரியவர்கள் தட்டிலிருந்து ஊட்டினால், எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் தடவக் கூடாது.

பேதி என்றால் பழைய வழக்கம் என்ன? "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று வாயைக் கட்டிவிடுவது. குழந்தையைக் கொல்வது பேதியைவிட அந்த வறட்சிதான். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பூனால் கொடுக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண் அளவில் கலப்பது தப்பு. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான். துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும். கண் குழிந்தால், குடிக்க மாட்டேன் என்றால், மலத்தில் ரத்தம் வந்தால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

இதுபோலவே நம் ஊரில் விட்டொழிக்க வேண்டியவையும் சில உண்டு. குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, வாய்க்குள் விரல் விட்டுச் சளி எடுப்பது, 'தொக்கம்' எடுக்கிறவரிடம் கொண்டுபோவது. எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் கெடும். இதை மாமியார் எதிரில் மருமகள் சொல்ல முடியாது. பயிற்சி பெற்ற ஒரு பெண், மரியாதை குறையாமல், "ஆத்தா, டாக்டரம்மா வேணாம்னு சொல்லுறாங்க" என்று சொல்ல முடியும். எப்படிச் சொன்னால் பெரியவர்கள் கோபிக்க மாட்டார்கள் என்பதும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்.

ஆபத்துகளை முன்கூட்டிப் பார்க்கிற கண் வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே நிலக்கடலை, புளியங்கொட்டை, காசு, பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பாட்டரி எல்லாம் எமன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தொண்டை அடைத்து, அழவோ இருமவோ முடியாமல் போனால், முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். படித்தால் மட்டும் வராது, பொம்மையை வைத்துக் கையால் பழகினால்தான் வரும். பக்கெட் தண்ணீரில் ஒரு சாண் இருந்தாலும் தவழும் குழந்தை கவிழ்ந்து மூழ்கும். மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அழுகிறதே என்று கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. தலைக்குள் ரத்தம் கசியும்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது: பேச்சும் விளையாட்டும். குழந்தையின் மூளை முதல் சில வருடங்களில் வளருகிற வேகம் பிறகு ஒருபோதும் கிடையாது. நான்கு மாதத்தில் கழுத்து நிற்கிறதா, ஒன்பது மாதத்துக்குள் உட்காருகிறதா, ஒன்றரை வயதுக்குள் நடக்கிறதா, பேர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனித்தால், காது கேளாமை போன்றவற்றைச் சீக்கிரமே பிடித்துவிடலாம். குழந்தையிடம் பேச வேண்டும், பாட வேண்டும், கதை சொல்ல வேண்டும். நம் அங்கன்வாடிகளில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பெயரில் இதற்கென்றே பாடத்திட்டம் இருக்கிறது. கையில் செல்போனைக் கொடுத்து வாயை மூட வைப்பது பராமரிப்பு ஆகாது. இரண்டு வயதுவரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது.

இவ்வளவும் தெரிந்தவள் ஆயா அல்ல, தொழில் தெரிந்தவள். இதற்கு இரண்டு வருடமாவது ஆகும் என்பது இப்போது உங்களுக்கே புரியும்.

பதினைந்து வயதில் எப்படித் தொடங்குவது?

வேலைக்குப் போகாமலே தொடங்கலாம். பத்தாவது முடித்ததும் பதினொன்றில் சேர்த்துவிடுங்கள். இதை விட்டால் மேலே சொல்லப்போகிற எந்தப் படிக்கும் ஏற முடியாது. அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் மனையியல் பாடமோ, தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங்கோ இருக்கிறதா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அறிவியல் பிரிவு நல்லது, கலைப் பிரிவும் பாதகமில்லை.

லீவு நாளில் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் மகளை அழைத்துப் போய், "அம்மா, எடை போடுற நாளைக்கு இவ வந்து கூட இருக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எடை போடுவதையும், தடுப்பூசி நாளில் கிராம சுகாதார செவிலியர் அட்டை பார்த்து எழுதுவதையும், இருபது குழந்தைகளை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதையும் அவள் பார்க்கட்டும். ஒரு மாதம் பார்த்தபின், "எனக்கு இது ஒத்து வராது, ஒரே சத்தம்" என்று சொன்னாலும் சந்தோஷப்படுங்கள். பணம் செலவழிக்கும் முன்னே தெரிந்ததே! தங்கச்சி பாப்பாவைக் கொஞ்சுவது வேறு, பிறத்தியார் பிள்ளைகள் இருபது பேருக்கு மூக்கைத் துடைத்து, கால் கழுவிவிடுவது வேறு.

பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்வதும் பழக்கம்தான். ஆனால் பகலில், நம் வீட்டுத் திண்ணையில், பெரியவர்கள் ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மட்டும். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இன்று குழந்தை என்ன தின்றது, எப்போது தூங்கியது, என்ன புதிதாகச் செய்தது என்று எழுதட்டும். சின்ன விஷயம்தான். ஆனால் எழுதிப் பழகினவள் நாளைக்குப் பதிவேடு எழுத அஞ்ச மாட்டாள்.

பன்னிரண்டு முடித்த பிறகு

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கன்வாடி உத்தியோகம் பதினெட்டு வயதில் கிடைக்காது. நம் மாநிலத்தில் 2025-இல் வந்த அறிவிப்பில், பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வயதும், உதவியாளருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 20 முதல் 40 வயதும் கேட்டார்கள். விதவைகள், ஆதரவற்றவர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பணியாளராக 40 வயதுவரை விண்ணப்பிக்கலாம் என்றார்கள். முதல் ஒரு வருடம் தொகுப்பூதியம்: பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100 ரூபாய். அதன்பின் காலமுறை ஊதியம். பெரிய சம்பளம் இல்லை. இவ்வளவு பொறுப்புக்கு இது குறைவு என்பது என் சொந்த அபிப்பிராயம். ஆனாலும் சொந்த ஊர், நிலையான வேலை, மரியாதை. யாராவது, "இத்தனை லட்சம் குடுத்தா வாங்கித் தர்றேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அப்படியானால் 18-க்கும் 25-க்கும் நடுவில் என்ன செய்வது? அந்த வருடங்கள்தான் பயிற்சிக்கு உரியவை.

துணை செவிலியர் பயிற்சிக்கு 17 வயதும் பன்னிரண்டாம் வகுப்பும் போதும், இரண்டு வருடம். தாய் சேய் நலம், தடுப்பூசி, பிரசவம் எல்லாம் அதில் உண்டு. பிள்ளை ஆசையோடு மருத்துவ வேலைக்கும் துணிகிறவளுக்கு இதுவே சிறந்தது என்பேன். பொதுச் செவிலியர் பட்டயம் மூன்று வருடம். ரத்தம் பார்த்தால் மயங்குகிறவள், பாட்டும் கதையும் விரும்புகிறவள் என்றால் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு, அதாவது வாத்தியார் பயிற்சி, இரண்டு வருடம். அதற்குப் பிறகு அரசு வேலைக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுத வேண்டும். வீட்டிலிருந்தே படிக்க நினைத்தால், இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முன்பருவக் குழந்தை பராமரிப்பும் கல்வியும் என்ற பட்டயத்தைத் தபால் வழியாக நடத்துகிறது. பன்னிரண்டு தேறியிருந்தால் போதும், குறைந்தது ஒரு வருடம். வசதியும் மதிப்பெண்ணும் இருந்தால் மனையியல் பட்டப் படிப்பு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் நிறுவனம் இதில் பேர் பெற்றது.

ஊருக்கு ஊர் 'மாண்டிசோரி டிரெய்னிங்' என்று போர்டு தொங்குகிறது. எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தச் சர்டிபிகேட்டை எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசுத் துறை ஒப்புக்கொள்கிறது? எத்தனை நாள் உண்மையான குழந்தைகளோடு பழகவிடுவீர்கள்? போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை கிடைக்கிற இடமும் கூடிக்கொண்டு வருகிறது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும் என்று வந்தது. மில், பனியன் கம்பெனி உள்ள ஊர்களில் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேவை உண்டு. 18 முடிந்து, பயிற்சியும் கையில் இருந்து, பகல் வேலையாக இருந்தால் தாராளமாகப் போகலாம். அப்போது அவள் சம்பளம் பேசலாம். பதினைந்து வயதில் அவளுக்காகத் தரகர் அல்லவா பேசுகிறார்!

"கல்யாணம் பண்ற வயசாச்சே?"

இல்லை, ஆகவில்லை. 18-க்கு முன் திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாதபடி ஆக்கக் கூடியது. நடத்தி வைக்கிறவர்களுக்கும் தண்டனை உண்டு. 20 வயதுக்கு முன் பிரசவம் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து கூடுதல் என்று எங்கள் செவிலியர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். "படிக்க வச்சா மாப்பிள்ளை கிடைக்காது" என்பது பழைய பேச்சு. நர்சம்மா, டீச்சரம்மா என்றால் இப்போது மாப்பிள்ளை வீட்டார்தான் தேடி வருகிறார்கள்.

பணம் இல்லையே என்பது நிஜமான கஷ்டம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. விடுதி, கல்வி உதவித்தொகை பற்றியும் சேருகிற இடத்திலேயே கேளுங்கள். கேட்காதவர்களுக்குத்தான் கிடைப்பதில்லை.

இங்கே தம்பதிகளாகிய உங்களிடம் நேராக ஒரு வார்த்தை. பல வீடுகளில் மூத்த மகள் படிப்பை நிறுத்துவது வேலைக்காக அல்ல, அடுத்தடுத்துப் பிறந்த தம்பி தங்கைகளைப் பார்ப்பதற்காக. தாய் களையெடுக்கப் போவார். எட்டாவது படிக்கிறவள் இடுப்பில் கைக்குழந்தையோடு வீட்டில் நிற்பாள். அவளும் பிள்ளை வளர்க்கப் பிறந்தவள் என்றுதான் ஊர் சொல்லும். அது அவள் தேர்ந்தெடுத்த தொழில் அல்ல, நாம் சுமத்தியது. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே மூன்று வருட இடைவெளி இருந்தால் இந்தச் சுமை இராது. காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, ஆணுறை எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை. ஆண்களுக்கு அது இன்னும் சுலபம், தழும்புகூடத் தெரியாது. கைக்குழந்தை உள்ளவர்கள், சின்னதை எந்த நேரம் யார் பார்ப்பது என்று புருஷனும் பெண்சாதியும் பேசி வையுங்கள். பள்ளிக்கூட நேரத்தில் மகள் பெயர் அந்தப் பேச்சில் வரவே கூடாது.

மகனுக்கு இந்த ஆசை இருந்தால்? சிரிக்காதீர்கள். அங்கன்வாடிப் பணி பெண்களுக்கு மட்டும்தான், ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியராகவும், பொதுச் செவிலியராகவும் பையன்கள் போகலாம். கைக்குழந்தையைத் தூக்கத் தெரிந்த பையன் நாளைக்கு நல்ல தகப்பன் ஆவான்.

இப்போதே செய்ய வேண்டியது

சான்றிதழ்கள். மே மாதம் பரீட்சை முடிவு வந்தபின் ஓடினால் இ-சேவை மையத்தில் கூட்டம் நெருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், மகள் பெயரில் வங்கிப் புத்தகம் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வையுங்கள். வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார்; அவர் வரும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் பெயரும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிலும், பள்ளியிலும், ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். தலைப்பெழுத்து முன்னே பின்னே இருந்தாலும் விண்ணப்பம் நின்றுவிடும். பிறப்புச் சான்றில் பெயர் எழுதாமல் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அப்படி இருந்தால், பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் பள்ளிச் சான்றோடு போய், முதலில் பெயரைச் சேர்த்துவிட்டு வாருங்கள்.